வரிசை மாறி ஒலிக்கும் ஆர்ப்பெஜியோவை எழுதுவது எப்படி?

கேள்வி – திருகோணமலை

வணக்கம். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்காக ஒரு கீதத்தின் பியானோப் பகுதியை மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் எழுதி வருகிறேன். அதில் மினிம் (இரண்டு பீட், அதாவது இரண்டு தாள எண்ணிக்கை) அளவுள்ள ஒரு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுதி) வருகிறது. கீழிருந்து மேலாக அதன் சுரங்கள் சி, ஜி, ஈ, மேல் சி ஆகும். முதல் இரண்டும் இடக்கைக்கும் மற்றவை வலக்கைக்கும் உரியவை. ஆனால் முதலில் ஜி, அடுத்துக் கீழ் சி, பின்னர் மேல் சி, கடைசியாக ஈ என்ற ஒழுங்கில் அவை ஒலிக்க வேண்டும், ஏனெனில் ஆல்டோக் குரலினர் (தாழ்ந்த பெண்குரலில் பாடுபவர்கள்) அந்த ஈ சுரத்தைக் கேட்டே தொடங்குகின்றனர். ஆர்ப்பெஜியோவை, அதாவது கோர்ட்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிப்பதை, குறிக்கும் நெளிகோட்டை இட்டால் கீழிருந்து மேலாகவும், அதன் அடியில் அம்புக்குறி சேர்த்தால் மேலிருந்து கீழாகவும் மட்டுமே ஒலிக்கிறது. சுரங்களின் அருகே 1, 2, 3, 4 என்று ஒழுங்கைக் குறிக்கலாமா?

பதில் 1

இலக்கங்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். வாசிப்பவர் அவற்றை விரல் இலக்கங்கள் என்றே கொள்வார். நெளிகோடு திசையை மட்டுமே உணர்த்தும். அதை இரு ஐங்கோடுகளுக்கும் (ஒவ்வொரு கைக்கும் உரிய ஐந்து கோட்டு வரிசை) ஒரே கோடாக வரைந்தால் நான்கு சுரங்களும் தொடர்ந்து வரும். தனித்தனியாக வரைந்தால் இரு கைகளும் ஒரே வேளையில் தொடங்கும். தாங்கள் கேட்கும் ஒழுங்குக்கு நிலைபெற்ற குறி இல்லாததால், நான்கையும் ஒலிக்கும் ஒழுங்கிலேயே சிறு சுரங்களாக (நேரக் கணக்கில் சேராத சிறிய குறிகள்) எழுதி, ஒவ்வொன்றையும் கோர்ட்டில் உள்ள அதே சுரத்துடன் டை வளைவால் (ஒரே சுரத்தை விடாமல் நீட்டும் வளைகோடு) இணைப்பது நல்லது.

பதில் 2 – உவர்மலை

மேலைத்தேய சங்கீதம் கற்பிப்பவர் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். சிறு சுரங்களின் வேகம் வாசிப்பவரின் விருப்பத்துக்கு விடப்படுவதால், தனி வாசிப்புக்கு அவை மிகவும் பொருந்தும். இங்கோ பாடகர்கள் ஈ சுரத்தை நம்பி நிற்பதால், அது எப்போது விழும் என்பதை அளவோடு எழுதுவதே அவர்களுக்கு நாம் செய்யும் நியாயம்.

ஒவ்வோர் ஐங்கோட்டிலும் இரண்டு வாய்ஸ்களை (தனித்தனி அளவில் செல்லும் சுர வரிசைகள்) பயன்படுத்துங்கள். இடக்கையில் ஜி முழு மினிமாக இருக்கட்டும். கீழ் சிக்கு முன் ஒரு செமிகுவேவர் (கால் பீட்) ஓய்வை இட்டு, புள்ளியிட்ட குவேவரைக் (முக்கால் பீட்) குரொட்செட்டுடன் (ஒரு பீட்) டையால் இணையுங்கள். வலக்கையில் மேல் சி ஒரு குவேவர் (அரை பீட்) ஓய்வுக்குப் பின் குவேவராகவும், ஈ புள்ளியிட்ட குவேவர் ஓய்வுக்குப் பின் செமிகுவேவராகவும் தொடங்கி, இரண்டும் அவ்வாறே குரொட்செட்டுடன் இணைய வேண்டும். இப்படி எழுதினால் இரண்டாம் பீட்டில் முழுக் கோர்ட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். மென்பொருளும் அதே ஒழுங்கில் ஒலிக்கச் செய்யும்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. அளவோடு எழுதும் முறையையே எடுத்துக்கொள்கிறேன். ஓய்வுக் குறிகள் நெருக்கமாகத் தெரிகின்றன, அவற்றை மறைத்துவிடலாமா?

பதில் 2 – உவர்மலை

குறியைத் தெரிவுசெய்து வி விசையை அழுத்தினால் மறையும். இருப்பினும் வலக்கையின் இரு ஓய்வுகளையும் அப்படியே விட்டுவையுங்கள், அவற்றைக் கண்ட பிறகுதான் வாசிப்பவர் அந்தக் கையைத் தாமதித்து இறக்குவார். இடக்கையில் உள்ள செமிகுவேவர் ஓய்வையும் மறைக்க வேண்டாம். நெருக்கம் தொல்லையாக இருந்தால் அந்தப் பாரை (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) சற்று அகலமாக்குங்கள்.