மணிக்கு எத்தனை டெலிவரி என்று மட்டும் பார்த்தால் சரியா?

ஓஎம்ஆர் வேன்
ஆறு வருடமாக சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் பக்கம் காண்ட்ராக்டர் வழியாகப் பார்சல் வேன் ஓட்டுகிறேன். போன மாதத்திலிருந்து ஹப் (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் இடம்) வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பட்டியல் வருகிறது: மணிக்கு எத்தனை ஸ்டாப் முடித்தோம் என்று. கடைசி ஐந்து பேருடைய பெயர் சிவப்பில். மூன்று வாரமாக என் பெயர் அதில் இருக்கிறது. இன்சென்டிவும் போயிற்று.

எனக்கு மணிக்கு 7, முதலில் இருப்பவருக்கு 13. அவர் நல்ல உழைப்பாளி, அவர்மேல் குறையே இல்லை. ஆனால் அவருடையது ஐடி வளாக ரூட். ஒரே மெயில்ரூமில் 30 பார்சலை இறக்கிக் கையெழுத்து வாங்கிவிடலாம். எனக்கு முழுக்க அடுக்குமாடி. கேட்டில் செக்யூரிட்டி ஆப்பில் பதிந்து, வீட்டுக்காரர் ஓகே கொடுக்கும்வரை நிற்க வேண்டும். அப்புறம் சர்வீஸ் லிஃப்ட். தண்ணீர் கேன்காரர் இறங்கினால்தான் நான் ஏற முடியும்.

வியாழக்கிழமை ஏழாவது மாடியில் ஒரு பாட்டிக்கு மருந்துப் பெட்டி. ஓடிபி மகளுடைய போனுக்குப் போகிறது, மகள் வேலையில். 14 நிமிடம் நின்று கொடுத்துவிட்டு வந்தேன். அந்த 14 நிமிடமும் ஆப்பில் "சும்மா நின்ற நேரம்". "ஆள் இல்லை" என்று அழுத்திவிட்டு இறங்கியிருந்தால் அரை நிமிடம்தான், அதுவும் ஒரு ஸ்டாப்பாகக் கணக்கில் ஏறியிருக்கும். பாட்டிக்கு மருந்து மறுநாள்தான். இது எனக்குப் பொறுக்கவில்லை. மேனேஜரிடம் எதை வைத்துப் பேசுவது?

பழைய டிஸ்பாட்ச்
தம்பி, இந்த மாதிரிப் பட்டியலை நானே ஒரு ஹப்பில் நாலு வருடம் போட்டிருக்கிறேன். "என் ஏரியா கஷ்டம்" என்று வாயால் சொன்னால் எடுபடாது, எல்லா டிரைவரும் அதைத்தான் சொல்வார்கள். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். ஓட்டிய நேரம் தனி, கேட்டிலிருந்து வீட்டு வாசல்வரை தனி, வாசலில் நின்றது தனி. பிறகு ஒன்று கேளுங்கள்: முதல் தடவையிலேயே கையில் சேர்ந்தது எத்தனை, ஹப்புக்குத் திரும்பி வந்தது எத்தனை? திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் மறுபடி ஸ்கேன், மறுபடி டீசல். மேனேஜருக்கு உறைப்பது அதுதான். முடிந்தால் ரூட்டை இரண்டு நாள் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

சங்கத்து ஆள்
தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது ஆப் வழியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்கு, 2023இல் நலவாரியம் அமைத்தார்கள். அது நலத்திட்டங்களுக்கானது, இந்த மதிப்பெண் சண்டைக்கு அங்கே வழி இல்லை. கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த சட்டம், தானியங்கிக் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. இத்தாலியில் பொலோனியா நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று டெலிவரூ என்ற உணவு டெலிவரி நிறுவனத்தின் வழக்கில் கொடுத்த தீர்ப்பு உங்கள் பிரச்சினைக்கு நெருக்கமானது. ஷிஃப்ட்டுக்கு வராதவர் நோயில் படுத்தாரா, வேலைநிறுத்தத்தில் இருந்தாரா என்று பார்க்காமலே அந்த நிறுவனத்தின் அல்காரிதம் (ஆட்களுக்கு மதிப்பெண் போடும் கணினிக் கணக்கு) மதிப்பெண்ணைக் குறைத்தது. அது பாகுபாடு என்றார்கள். காரணம் கேட்காத கணக்கு. உங்களுடையதும் அதே வகை. தனியாகப் போகாதீர்கள், சிவப்பில் உள்ள ஐந்து பேரும் நோட்டோடு போங்கள்.

ஓஎம்ஆர் வேன்
ஆறு நாள் எழுதினேன். ஒன்பது மணி நேர வேலையில் கேட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் மட்டும் சராசரி மூன்று மணி பத்து நிமிடம் போகிறது. நானே எதிர்பார்க்கவில்லை. சிவப்பில் இருந்ததில் மூன்று பேர் சேர்ந்து போனோம். முதல் தடவைக் கணக்கைக் கேட்டதும் மேனேஜர் கணினியில் தேடிப் பார்த்தார். அந்த வாரம் எனக்குத் திரும்பியது இரண்டே பெட்டி. பட்டியலை நிறுத்த மாட்டார்களாம். ஆனால் திங்கள், செவ்வாய் ரூட் மாற்றிப் பார்க்க ஒப்புக்கொண்டார். மெயில்ரூம் எனக்கு, அடுக்குமாடி அந்த அண்ணனுக்கு. எந்த பிளாக்கில் லிஃப்ட் எத்தனை மணிக்குக் காலியாக இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன். ஏழாவது மாடிப் பாட்டியின் மகள் எத்தனை மணிக்கு போன் எடுப்பார் என்பதையும் சேர்த்து.