மாசு வரி போட்டால் சமூக நலன் குறையுமா? கூர்னோ கணக்கில் ஒரு சந்தேகம்

காரைக்குடி மாணவன்:
எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். செமினாருக்குச் சில்லோர் முற்றுரிமையும் (சில நிறுவனங்களே சந்தையைப் பிடித்திருப்பது) மாசும் என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். ஒரே ஆற்றங்கரையில் இரண்டு சாயப்பட்டறை, விலை = 120 − மொத்த உற்பத்தி, அலகுக்குச் செலவு 30 ரூபாய், அலகுக்கு ஆற்றுக்கு வரும் சேதம் 15 ரூபாய். கூர்னோ சமநிலையில், அதாவது மற்றவர் உற்பத்தி இவ்வளவு என்று வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தன் லாபம் அதிகமாகும் அளவைச் செய்யும்போது, ஆளுக்கு 30 அலகு, விலை 60. அலகுக்கு 15 ரூபாய் வரி போட்டால் ஆளுக்கு 25 ஆகிறது, மாசும் குறைகிறது. ஆனால் வாங்குபவர், பட்டறை, அரசு, ஆறு எல்லார் கணக்கையும் கூட்டினால் சமூக நலன் 2700இலிருந்து 2500க்கு இறங்குகிறது! எங்கள் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு இதை வகுப்பில் சொல்ல மனசு வரவில்லை. மாசுக்கு வரியே கூடாது என்றா அர்த்தம்?

தேவகோட்டை வாத்தியார்:
கணக்கு சரிதான் தம்பி. பொருளியலாளர் பிகு 1920இல் சொன்ன வரி, அதாவது சேதத்துக்கு ஈடான வரி, போட்டி நிறைந்த சந்தைக்குப் பொருந்தும். உன் சந்தையில் இரண்டு கோளாறு இருக்கிறது: ஆறு கெடுகிறது, அதோடு இரண்டே பேர் என்பதால் உற்பத்தியைச் சுருக்கி விலையையும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சேதத்தையும் செலவில் சேர்த்தால்கூட சமூகத்துக்கு உகந்த அளவு 75, அவர்கள் செய்வது 60. அதை இன்னும் இறக்கினால் நலன் எப்படி ஏறும்? ஒரே விற்பனையாளர் இருக்கும் முற்றுரிமையை வைத்துப் பொருளியலாளர் ஜேம்ஸ் புக்கானன் 1969இலேயே இதைக் காட்டிவிட்டார். சேதத்தை 60 ரூபாயாக மாற்றிப் போட்டுப் பார், அப்போது வரி வேண்டும், ஆனால் 45தான், 60 இல்லை.

பள்ளத்தூர்க்காரி:
வாத்தியார் ஐயா சொன்னது சரி, ஆனால் தம்பியின் கணக்கில் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் வழியே இல்லையே! உற்பத்தியைக் குறைத்தால்தான் மாசு குறையும் என்று கட்டிப்போட்டுவிட்டு வரியைக் குறை சொன்னால் எப்படி? அலகுக்கு 6 ரூபாயில் சுத்திகரிக்கலாம் என்று வையுங்கள். வரி இல்லாதபோது ஒருவர் மட்டும் அதைச் செய்தால் அவர் லாபம் 900இலிருந்து 676க்கு விழும், கழிவை அப்படியே விடுகிறவருக்கு 1024 கிடைக்கும். அதனால் யாரும் செய்யமாட்டார்கள், நாஷ் சமநிலை (தனியாக மாறினால் யாருக்கும் லாபமில்லாத நிலை) அங்கேயே நின்றுவிடும். இப்போது உற்பத்திக்கு இல்லாமல் வெளியே விடும் கழிவுக்கு 15 ரூபாய் வரி போடுங்கள். இருவருமே சுத்திகரிப்பார்கள், ஆளுக்கு 28 அலகு, நலன் 3136. ஆறும் தப்பிக்கும்.

காரைக்குடி மாணவன்:
அக்கா, ரொம்ப நன்றி! அப்படியென்றால் திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அதை இந்தக் கணக்கில் எப்படிக் கொண்டுவருவது?

பள்ளத்தூர்க்காரி:
அது வரி இல்லை, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்ற கட்டளை. அங்கே அலகுச் செலவை விட இயந்திரம் நிறுவும் நிலையான செலவுதான் பெரிது, சின்னப் பட்டறை தனியாகத் தாங்காது. பட்டறைகள் மூடிக்கொண்டே போனால் வாத்தியார் சொன்ன அந்த இரண்டாவது கோளாறு பெரிதாகும். பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பது இதற்குத்தான். திருப்பூரின் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்கு அந்தக் கட்டளை வேண்டியதுதான், என் கருத்தில் மாற்றமில்லை.

தேவகோட்டை வாத்தியார்:
தம்பி, இதை இரண்டு கட்ட ஆட்டமாக எழுது. முதல் கட்டத்தில் நிலையத்தில் சேர்வதா வேண்டாமா, இரண்டாவதில் எவ்வளவு உற்பத்தி. இரண்டாவது கட்டத்தை முதலில் தீர்த்து, பின்னாலிருந்து வா, விடை இங்கே போடு, பார்க்கிறேன்.