போஸ்ட்கிரெஸ் 14 ரீஸ்டார்ட்: 15 நிமிஷ இடைவெளிக்குள் பாதுகாப்பாக முடிப்பது எப்படி?

பீன்யா_சிஸ்டம்ஸ்

வணக்கம். பெங்களூர் பீன்யாவில் உதிரிபாகத் தொழிற்சாலை. உற்பத்திப் பதிவு, ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச் மூணும் ஒரே போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸ் சர்வரில் ஓடுது. உபுண்டு 22.04, 64 ஜிபி ராம், எஸ்எஸ்டி. ஒயிட்ஃபீல்டில் ஒரு ஸ்டாண்ட்பை சர்வர் (பிரைமரி, அதாவது பீன்யா சர்வரின் நகல்) இருக்கு, அங்கேயும் ஆட்கள் ரிப்போர்ட் எடுக்கிறாங்க. வால் (ரைட்-அஹெட் லாக், ஒவ்வொரு மாற்றத்தையும் முதல்ல எழுதி வைக்கிற பதிவு) ஃபைல்கள் ஆர்சிங்க் என்ற காப்பி கருவி வழியா நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டிக்கு ஆர்க்கைவ் ஆகுது.

மாற்ற வேண்டியது ரெண்டு: ஷேர்டு_பஃபர்ஸ் (போஸ்ட்கிரெஸ் தனக்குன்னு வெச்சுக்கிற கேஷ் மெமரி) 8 ஜிபியிலிருந்து 16 ஜிபி, மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் 100-லிருந்து 200. மேக்ஸ்_வால்_சைஸ் இப்போ 16 ஜிபி, செக்பாயிண்ட்_டைம்அவுட் 30 நிமிஷம்.

மூணு ஷிஃப்ட் ஓடுற இடம். ராத்திரி 10 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது 15 நிமிஷம்தான் கிடைக்கும். போன தடவை ரீஸ்டார்ட் கமாண்ட் 2 நிமிஷம் நகரவே இல்லைன்னு கில் -9 (ப்ராசஸை உடனே கொல்ற கமாண்ட்) போட்டாங்க. அப்புறம் மேலே வர 9 நிமிஷம் ஆச்சு. அதுவரைக்கும் "ஸ்டார்ட் ஆகிக்கிட்டிருக்கு" என்ற பிழைதான் எல்லா டெர்மினலிலும். ஏன் அப்படி ஆச்சு, இந்த முறை எந்த வரிசையில் செய்யணும்?

வால்_வாசகன்

அந்த 9 நிமிஷத்துக்குக் காரணம் கில் -9தான். சரியா நிறுத்தினா போஸ்ட்கிரெஸ் கடைசியா ஒரு செக்பாயிண்ட் (மெமரியில் மாறினதை எல்லாம் டிஸ்கில் சேர்க்கிறது) எழுதிட்டுத்தான் போகும். அடுத்து மேலே வர சில வினாடி போதும். பாதியில் கொன்னா, கடைசி செக்பாயிண்ட்டிலிருந்து வால் முழுக்க மறுபடி ஓட்டிப் பார்க்கணும். உங்க 16 ஜிபி, 30 நிமிஷ அமைப்பில் அந்த வால் பல ஜிபி இருந்திருக்கும், அதையும் ஒரே ஒரு ப்ராசஸ்தான் ஓட்டும். லாகில் "டேட்டாபேஸ் சிஸ்டம் வாஸ் நாட் ப்ராப்பர்லி ஷட் டவுன்" என்ற வரியும், அதைத் தொடர்ந்து "ரீடூ ஸ்டார்ட்ஸ் அட்", "ரீடூ டன் அட்" வரிகளும் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தைக் கழிச்சுப் பாருங்க, கணக்கு தெரிஞ்சிடும்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. க்ராஷ் ஆகி எழும்பினா அன்லாக்டு (வாலில் எழுதப்படாத) டேபிள்கள் எல்லாம் காலியாயிடும். 14-ல் புள்ளிவிவரக் கவுண்டர்களும் அழிஞ்சிடும், அதனால் எந்த டேபிளில் எவ்வளவு செத்த வரிகள் இருக்குன்னு, அவற்றைத் தானா சுத்தம் பண்ற ஆட்டோவேக்யூமுக்குத் தெரியாமப் போகும். நிறுத்தும்போது "இம்மீடியட்" முறையைக் கொடுத்தாலும் இதே கதிதான்.

முதல் வேலை, எதை ரீஸ்டார்ட் செய்யறீங்கன்னு உறுதி பண்ணுங்க:

பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்

இது பதிப்பு, கிளஸ்டர் (ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வரும் அதன் டேட்டாவும்) பெயர், போர்ட், நிலை, டேட்டா டைரக்டரி எல்லாத்தையும் காட்டும். உபுண்டுவில் "போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.சர்வீஸ்" வெறும் குடை யூனிட் (எல்லா கிளஸ்டரையும் சேர்த்துப் பிடிக்கிற பெயர்). அதன் நிலை எப்பவும் "ஆக்டிவ் (எக்ஸிட்டட்)" என்றே இருக்கும், அதில் தப்பில்லை. ஆனா அதை ரீஸ்டார்ட் செய்தா, உள்ளே இருக்கிற கிளஸ்டர் எழும்பாமப் போனாலும் கமாண்ட் வெற்றின்னு திரும்பிடும். பழைய 12 கிளஸ்டர் எதையாவது அழிக்காம வெச்சிருந்தா அதையும் சேர்த்துத் தட்டிவிடும். நேரா இப்படிக் கொடுங்க:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@14-மெயின்

அதுக்கு முன்னாடி, பகல்லயே கான்ஃபிக் ஃபைலைத் திருத்திட்டு ரீலோட் பண்ணுங்க. ரீலோட் கான்ஃபிக்கை மறுபடி படிக்க மட்டும் வைக்கும், யாரையும் துண்டிக்காது. பிறகு:

செலக்ட் நேம், செட்டிங் ஃப்ரம் பிஜி_செட்டிங்ஸ் வேர் பெண்டிங்_ரீஸ்டார்ட்;

இதில் உங்க ரெண்டு பெயரும் வரணும். வரலைன்னா தப்பான ஃபைலைத் திருத்தியிருக்கீங்க, இல்லைன்னா போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் மேலே உட்கார்ந்திருக்கு. ஆல்டர் சிஸ்டம் கமாண்ட் போட்ட மதிப்புகள் அங்கேதான் இருக்கும், முதன்மை ஃபைலில் என்ன எழுதினாலும் அதுதான் ஜெயிக்கும். எழுத்துப் பிழை இருந்தா பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் வியூவில் வரி எண்ணோடு காட்டும். ரீஸ்டார்ட் தேவைப்படுற மதிப்புகளுக்கு அங்கே "செட்டிங் குட் நாட் பி அப்ளைடு" என்று வரும்; அது பிழை இல்லை, பயப்பட வேண்டாம். "அன்ரெகக்னைஸ்டு" என்று வந்தாதான் பெயரைத் தப்பா அடிச்சிருக்கீங்க. அதோட ரீஸ்டார்ட் செய்தா சர்வர் எழும்பவே எழும்பாது.

இப்போ நிறுத்த ஏன் 2 நிமிஷத்துக்கு மேல் ஆச்சு என்பது. சிஸ்டம்டி யூனிட் "ஃபாஸ்ட்" முறையில்தான் நிறுத்துது, அதாவது யார் கனெக்‌ஷனில் இருந்தாலும் துண்டிச்சு, முடியாத ட்ரான்ஸாக்‌ஷனை ரோல்பேக் (ரத்து) பண்ணிடும். கனெக்‌ஷனுக்காகக் காத்திருக்கலை. காத்திருந்தது ரெண்டு விஷயத்துக்கு.

ஒண்ணு, மெமரியில் மாறியும் டிஸ்கில் எழுதாமலும் இருந்த பஃபர்கள். இதைக் குறைக்க, 10 மணிக்கு 5 நிமிஷம் முன்னாடி சூப்பர்யூசரா "செக்பாயிண்ட்;" கொடுங்க. முடிஞ்சதும் இன்னொரு தடவை. முதல் தடவை நேரம் எடுக்கும், ஆனா அப்போ ஆட்கள் வேலை செய்துகிட்டுத்தான் இருப்பாங்க. ரெண்டாவது தடவை, முதல் செக்பாயிண்ட் ஓடின நேரத்தில் சேர்ந்ததை மட்டும் எழுதும். நிறுத்தும்போது பாக்கி கொஞ்சம்தான் இருக்கும். 16 ஜிபிக்குப் போன பிறகு இது இன்னும் முக்கியம்.

ரெண்டாவது, உங்க நாஸ் பெட்டி. நிறுத்தும்போது ஆர்க்கைவர் மிச்சமிருக்கிற வால் ஃபைல் எல்லாத்தையும் அனுப்பிட்டுத்தான் போகப் பார்க்கும். ஒவ்வொண்ணும் 16 எம்பி. பின்தங்கியிருந்தா வரிசையில் நூறு ஃபைல் நிற்கலாம்:

செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் பிஜி_எல்எஸ்_ஆர்க்கைவ்_ஸ்டேட்டஸ்டிர்() வேர் நேம் லைக் '%.ரெடி';

ஒண்ணு ரெண்டுன்னா சரி. 50, 100-ன்னு இருந்தா முதல்ல நாஸ் பக்கம் என்ன சிக்கல்னு பாருங்க, ரீஸ்டார்ட் நாளைக்கு வெச்சுக்கலாம். வால் அனுப்புற வால்செண்டரும் இப்படித்தான்: ஸ்டாண்ட்பைக்குப் போக வேண்டியது போய்ச் சேர்ற வரைக்கும் நிற்கும். பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனில் ஒயிட்ஃபீல்ட் சர்வர் எவ்வளவு பின்னாடி இருக்குன்னு அப்பவே பார்த்துடுங்க.

ஆக, நிறுத்தக் கமாண்ட் கொடுத்த பிறகு திரை அசையலைன்னா உள்ளே வேலை நடக்குதுன்னு அர்த்தம். இன்னொரு விண்டோவில் லாகை டெய்ல் பண்ணிக்கிட்டே இருங்க, பிஎஸ் போட்டு "செக்பாயிண்டர்", "ஆர்க்கைவர்" எதில் நிற்குதுன்னு பாருங்க. ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறவும் பொறுக்கணும்.

மத்திகெரே_டிபிஏ

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒரு பெரிய விஷயம் விட்டுப் போச்சு. ஸ்டாண்ட்பை.

மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை ஏத்தறீங்க. ஸ்டாண்ட்பையில் அந்த மதிப்பு பிரைமரியில் இருப்பதைவிடக் குறைவா இருக்கக் கூடாது. பிரைமரியை முதல்ல 200 ஆக்கினா, அந்த மாற்றம் வால் வழியாப் போய்ச் சேர்ந்ததும் 14-ல் ஸ்டாண்ட்பை ரீப்ளேயை (வந்த வாலை ஓட்டுறதை) நிறுத்தி வெச்சிடும். பதிப்பு 13 வரைக்கும் ஸ்டாண்ட்பை சர்வரே படுத்துடும். 14-ல் ரிப்போர்ட் ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா டேட்டா பழசு, யாருக்கும் தெரியாது. எனக்கு இதுதான் எல்லாத்தையும்விட ஆபத்தா படுது, ஏன்னா இது வெளியே பிழையாகவே தெரியாது.

அதனால ஒயிட்ஃபீல்டை முதல்ல 200 ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணுங்க. அதைப் பகல்ல கூட செய்யலாம். அது மறுபடி பிரைமரியோட ஒட்டி ஓடுதுன்னு பார்த்த பிறகு பீன்யா. என்னைக்காவது குறைக்க வேண்டி வந்தா வரிசை தலைகீழ்: பிரைமரி முதல்ல. ஷேர்டு_பஃபர்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

200 கனெக்‌ஷன் உண்மையிலேயே வேணுமான்னும் ஒரு தடவை யோசிங்க. ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி ப்ராசஸ். ஒர்க்_மெம் (குவெரி வேலைக்கான மெமரி) 64 எம்பின்னு வெச்சிருந்தா, ஒரே குவெரியில் சார்ட், ஹாஷ்னு பல தடவை அது செலவாகும். முன்னாடி ஒரு பிஜிபவுன்சர் (கொஞ்சம் இணைப்புகளை நிறைய பேருக்குப் பகிர்ந்து கொடுக்கிற இடைநிலை ப்ரோகிராம்) வெச்சா 100-ஏ தாராளம்.

பீன்யா_சிஸ்டம்ஸ்

ஸ்டாண்ட்பை வரிசை தெரியாது, ரொம்ப நன்றி சார். பிஜிபவுன்சர் டிஸ்பாட்ச் அப்ளிகேஷனுக்கு மட்டும் இருக்கு, ட்ரான்ஸாக்‌ஷன் பூலிங். ரீஸ்டார்ட் நேரத்தில் அதை என்ன செய்யணும்? ஹியூஜ்_பேஜஸ் (மெமரியைப் பெரிய பக்கங்களா எடுக்கிற செட்டிங்) "ஆன்" என்று இருக்கு, அதையும் மாத்தணுமா?

வால்_வாசகன்

ஹியூஜ்_பேஜஸ் ஆன்னு நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. இதைக் கவனிக்காம ரீஸ்டார்ட் பண்ணியிருந்தா 10 மணிக்கு சர்வர் எழும்பியிருக்காது. "ட்ரை"ன்னு இருந்தா பெரிய பக்கம் கிடைக்காதபோது சாதாரண மெமரிக்கு இறங்கிடும். "ஆன்"னு இருந்தா "கேனாட் அலோகேட் மெமரி"ன்னு சொல்லி அப்படியே நின்னுடும். 16 ஜிபியை 2 எம்பியால வகுத்தா 8192 பக்கம். போஸ்ட்கிரெஸுக்கு ஷேர்டு_பஃபர்ஸ் போக இன்னும் கொஞ்சம் ஷேர்டு மெமரி வேணும், கனெக்‌ஷன் எண்ணிக்கை கூடினா அதுவும் கூடும். விஎம்.என்ஆர்_ஹியூஜ்பேஜஸ் (கெர்னல் ஒதுக்குற பெரிய பக்க எண்ணிக்கை) 8192-ன்னு சரியா வெச்சா பத்தாது; 8700 வைங்க, மிச்சம் இருந்தா அப்புறம் குறைச்சுக்கலாம். ரொம்ப நாள் ஓடின சர்வரில் மெமரி துண்டு துண்டா இருக்கும், கெர்னல் கேட்ட எண்ணிக்கையைத் தராமலும் போகலாம். சிஸ்கன்ட்ரோலில் மாத்தின கையோடு /ப்ராக்/மெம்இன்ஃபோவில் ஹியூஜ்பேஜஸ்_டோட்டல் எவ்வளவுன்னு பாருங்க. குறைவா இருந்தா, இந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் "ட்ரை"ன்னு மாத்திட்டுப் போங்க.

பிஜிபவுன்சருக்கு அட்மின் கன்சோலில் "பாஸ்;" கொடுங்க. ஓடிக்கிட்டிருக்கிற ட்ரான்ஸாக்‌ஷன் முடியற வரைக்கும் காத்திருந்து, புதுசா வர்றதை வரிசையில் நிறுத்தி வெச்சுக்கும். போஸ்ட்கிரெஸ் எழும்பினதும் "ரெஸ்யூம்;". இடையில் வந்தவங்களுக்குக் கொஞ்சம் தாமதம் மட்டும் தெரியும், பிழை வராது. ஒரே எச்சரிக்கை: குவெரி_வெயிட்_டைம்அவுட் இயல்பா 120 வினாடி. ரீஸ்டார்ட் அதைத் தாண்டினா வரிசையில் நிற்கிறவங்களை வெட்டிவிடும். அன்னைக்கு மட்டும் 300 ஆக்கிக்குங்க.

மத்திகெரே_டிபிஏ

எழும்பலைன்னா என்ன செய்யணும்னு இப்பவே காகிதத்தில் எழுதி வெச்சுக்குங்க. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் சொல்றது போதாது, /வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/ உள்ளே இருக்கிற லாகின் கடைசி 20 வரியைப் படிங்க. காரணம் பெரும்பாலும் மூணில் ஒண்ணுதான்: மெமரி, கான்ஃபிக் எழுத்துப் பிழை, டிஸ்க் நிரம்பினது. பழைய கான்ஃபிக் ஃபைலை முன்னாடியே காப்பி எடுத்து வெச்சிருந்தா, அதைத் திரும்ப வெச்சு ஸ்டார்ட் பண்ண ஒரு நிமிஷம் போதும். 10:08 ஆகியும் எழும்பலைன்னா பழைய மதிப்புக்குத் திரும்பிடுங்க, காரணத்தை மறுநாள் தேடிக்கலாம்.

"ப்ரீ-எக்ஸிஸ்டிங் ஷேர்டு மெமரி பிளாக்"னு ஒரு பிழை வந்தா, பழைய ப்ராசஸ் ஏதோ இன்னும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். அப்போ சர்வர் ஓடுதுன்னு குறிக்கிற போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஃபைலை அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி நிறைய பேர் எழுதியிருப்பாங்க. தயவுசெய்து செய்யாதீங்க. ஒரே டேட்டா டைரக்டரியில் ரெண்டு சர்வர் எழுதினா டேபிள்கள் சிதைஞ்சிடும், பேக்அப் தவிர வேற வழி இருக்காது. பிஎஸ் போட்டு அந்தப் பழைய ப்ராசஸைத் தேடி, அது போன பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க.

எழும்பின பிறகு முதல் சில நிமிஷம் குவெரிகள் மெதுவா இருக்கும், ஷேர்டு_பஃபர்ஸ் காலி. மெஷினை ரீபூட் பண்ணாததால லினக்ஸ் பேஜ் கேஷ் அப்படியே இருக்கும், எனவே ரொம்ப நேரம் நீடிக்காது. இதே ரீஸ்டார்ட்டில் ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரீஸில் பிஜி_ப்ரீவார்ம் சேர்த்துடுங்க. அது இருக்கிற காண்ட்ரிப் (கூடுதல் கருவிகள்) பகுதி உபுண்டு பேக்கேஜோடவே வருது. அங்கே ஏற்கனவே வேற பெயர் இருந்தா காற்புள்ளி போட்டுப் பக்கத்தில் எழுதணும், அழிச்சு எழுதக் கூடாது. பிஜி_ப்ரீவார்ம் 300 வினாடிக்கு ஒருமுறை எந்தெந்தப் பிளாக் மெமரியில் இருக்குன்னு குறிச்சு வெச்சு, அடுத்த ரீஸ்டார்ட்டில் தானே ஏத்திக்கும். இந்த முறை அதன் பலன் கிடைக்காது.

கடைசியா ஒண்ணு: அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் (தானா நடக்கிற அப்டேட்) அந்த சர்வரில் ஓடுதான்னு பாருங்க. போஸ்ட்கிரெஸ்க்கு செக்யூரிட்டி அப்டேட் வந்தா அது பேக்கேஜை ஏத்தும்போதே கிளஸ்டரையும் ரீஸ்டார்ட் பண்ணும், ஷிஃப்ட் நடுவிலயும். ஆப்ட்-மார்க் ஹோல்டு (பேக்கேஜை அதே பதிப்பில் நிறுத்தி வைக்கிற கமாண்ட்) போட்டுட்டு, மாசத்தில் ஒரு ராத்திரி 10 மணியை அப்டேட்டுக்குன்னே ஒதுக்கி வைங்க.