கிமி நி தொடொகெ: பிளஸ் ஒன் படிக்கிற பெண் பார்க்கலாமா?

தையல்கடை சித்தி, தருமபுரி

என் அக்கா மகள் அரூர் பக்கத்துக் கிராமத்தில் பத்தாவது முடித்துவிட்டு இந்த ஜூனில் இங்கே பிளஸ் ஒன் சேர்ந்தாள். என் வீட்டில்தான் இருக்கிறாள். நன்றாகப் படிப்பாள், ஆனால் வாயே திறக்கமாட்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. வகுப்பில் அவளுக்குக் 'காட்டேரி' என்று பேர் வைத்திருக்கிறார்களாம். அதை அவள் சொல்லவில்லை. யூனிஃபார்ம் அளவு கொடுக்க வந்த பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கை ஓடவில்லை, கத்திரியைக் கீழே வைத்துவிட்டேன்.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு என் போனில் 'கிமி நி தொடொகெ' என்ற இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்ட்டூனா என்றேன். "கார்ட்டூன் இல்ல சித்தி, அனிமே" என்றாள். ஜப்பான்காரர்கள் எடுக்கிற கார்ட்டூனுக்கு அப்படிப் பேராம். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது, அந்த வேகத்துக்கு எனக்குப் படிக்க வராது. பள்ளிக்கூடத்துப் பையன், பொண்ணு, ஒரே வெட்கம். அக்காவுக்குத் தெரிந்தால் "பிள்ளைக்கு லவ் படமா காட்டற" என்று அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள். ஆனால் அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்தது இந்த நாலு மாதத்தில் அன்றைக்குத்தான். பார்த்தவர்கள் சொல்லுங்கள், விடலாமா?

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

தாராளமாக விடுங்கள் அக்கா. கருஹோ ஷீனா என்ற அம்மா வரைந்த படக்கதை அது, மொத்தம் 30 புத்தகம். அதைத்தான் அனிமேயாக எடுத்தார்கள். முதல் சீசன் 2009 அக்டோபரில் வந்தது, இரண்டாவது 2011-இல். அப்புறம் பதிமூன்று வருஷம் கழித்து 2024 ஆகஸ்டில் மூன்றாவது சீசன் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரூமில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பையனும் பெண்ணும் மனசில் இருப்பதை ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளவே இரண்டாவது சீசன் முடியப் போகும். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

பாலக்கோடு டீச்சர்

சித்தி, உங்கள் பெண் ஏன் அதைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிகிறது. அந்தக் கதாநாயகி பேர் சவாகோ. நீளமான கறுப்பு முடி, யாரோடும் பேசத் தெரியாது. பேய்ப் படத்தில் வரும் சதாகோ என்ற பேயின் பேரைச் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் கண்ணை மூன்று விநாடி பார்த்தால் கெடுதல் என்று வகுப்பே நம்பும். அவளோ பள்ளியில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அடுத்தவருக்கு எப்படி உதவலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். சவாகோ என்ற பேரில் இருக்கும் எழுத்துக்குப் புத்துணர்ச்சி என்று அர்த்தம். கசெஹாயா என்ற பையன் அவளைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். கதை அங்கேதான் கிளம்புகிறது.

ஆனால் எனக்கு அந்தப் பையனைவிட சிஸு, யானோ என்ற இரண்டு தோழிகள்தான் முக்கியம். அந்த இரண்டு பேரைப் பற்றியும் அசிங்கமான வதந்தி கிளம்பும், அதைச் சவாகோதான் பரப்பினாள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். தன்னைப் பேய் என்றபோதெல்லாம் சும்மா இருந்தவள், தோழிகளைப் பேசியதும் கழிவறையில் அத்தனை பெண்களுக்கு எதிரே தனியாக நின்று, சொன்னதைத் திரும்ப வாங்குங்கள் என்கிறாள். நான் எத்தனை முறை பார்த்தாலும் அங்கே அழுதுவிடுவேன். முதலில் சிநேகிதம், அதற்குப் பிறகுதான் காதல். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்தப் பட்டப்பேரை வகுப்பு டீச்சர் காதில் போடுங்கள், ஆனால் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அவளுக்குத் தெரியாமல் போனால் இன்னும் ஒடுங்கிவிடுவாள்.

காரிமங்கலம் அப்பா

படம் சரிதான். ராத்திரி பத்து மணிக்குத் தனியாகப் போன் வேண்டாம் தங்கச்சி. நீயும் கூட உட்கார்ந்து பார்.

தையல்கடை சித்தி, தருமபுரி

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் சொன்ன மாதிரி ஞாயிற்றுக்கிழமை கடையை மதியத்தோடு சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். இவ்வளவு பேசுவாளா என்று இருந்தது. வகுப்பில் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றுகிற கட்டம் வந்தது. சவாகோ பக்கத்தில் உட்கார யாருக்கும் மனசில்லை. அந்தப் பையன் வந்து உட்கார்கிறான், பின்னாலேயே தோழிகளும் வந்து சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அங்கே நிறுத்திவிட்டு, "என் பக்கத்துல யாரும் உட்கார்றதில்ல சித்தி" என்றாள். ஜூனிலிருந்து நான் கேட்டுக் கேட்டுப் பார்த்தது அது. அப்புறம் எல்லாம் சொன்னாள், காட்டேரி உட்பட. டீச்சரம்மா, கேட்டுவிட்டேன், டீச்சரிடம் பேசச் சரி என்றாள். தானும் கூட வருவதாகச் சொன்னாள். நாளைக் காலை இரண்டு பேரும் போகிறோம்.

அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு வருகிறாளாம். அவளுக்கும் சேர்த்து முதல் பாகத்திலிருந்து போடச் சொல்கிறாள் பிள்ளை.