லைக் வினவலில் கொருக்குப்பேட்டை மட்டும் சிக்காதது ஏன்?

கேள்வி:
வணக்கம். கொருக்குப்பேட்டையில் என் அண்ணன் நடத்தும் தண்ணீர் கேன் கடைக்காக ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை எழுதி வருகிறேன். வாடிக்கையாளர்களின் பெயரும் பகுதியும் எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தள அட்டவணையில் தமிழில் உள்ளன. சொல்லின் ஒரு பகுதியைக் கொண்டும் தேட உதவும் லைக் (LIKE) வினவலில், எந்த எழுத்துகளுக்கும் பொருந்தும் % குறியைச் சேர்த்து, லைக் '%?%' என்று எழுதித் தேடுசொல்லைத் தனியாக அனுப்பினால் செயலி நின்றுவிடுகிறது. சொல்லை வினவலுக்குள்ளேயே ஒட்டினால் ஓடுகிறது. ஆனால் 'கொ' என்று தேடும்போது, நான் கைப்பேசியில் தட்டிச் சேர்த்த கொடுங்கையூர் வருகிறதே தவிர, பழைய கோப்பிலிருந்து ஏற்றிய கொருக்குப்பேட்டை வருவதில்லை.

மறுமொழி 1:
மேற்கோளுக்குள் அகப்பட்ட கேள்விக்குறி வெறும் எழுத்தாகிவிடுகிறது. வினவலில் அளவுருவே (வெளியிலிருந்து வரும் மதிப்புக்கான இடமே) இல்லாதபோது நீங்கள் ஒரு மதிப்பை அனுப்புவதால்தான் செயலி நிற்கிறது. லைக் ? என்று மட்டும் எழுதி, % குறிகளைத் தேடுசொல்லின் இருபுறமும் சேர்த்து அனுப்புங்கள். ஆண்ட்ராய்டின் ரூம் (Room) தரவுத்தள நூலகத்தைப் பயன்படுத்தினால் '%' || :சொல் || '%' என்று எழுதலாம். சொல்லை நேரடியாக ஒட்டுவதை இன்றே விட்டுவிடுங்கள், பெயரில் ஒற்றை மேற்கோள் வந்தாலே வினவல் உடைந்துவிடும்.

மறுமொழி 2:
இரண்டாவது சிக்கல், எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையைச் சார்ந்தது. 'கொ' என்பதைக் ககரத்துடன் ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும், லைக் அவற்றை வெவ்வேறாகவே ஒப்பிடும். லெங்த் செயற்கூறால் அந்த வரியின் நீளத்தைப் பாருங்கள். கொருக்குப்பேட்டை நமக்கு 8 எழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் எஸ்க்யூலைட்டுக்கு 16 அல்லது 17. லைக்கில் ஏதேனும் ஓர் எழுத்துக்கு நிற்கும் அடிக்கோட்டுக் குறியும் (_) இப்படித்தான் எண்ணும் என்பதால், எண்ணூரைப் பிடிக்க 4 அடிக்கோடு போதாது, 7 வேண்டும். ஜாவாவின் நார்மலைசர் வகுப்பைக் கொண்டு, சேமிக்கும்போதும் தேடும்போதும் சொல்லை குறிகளை ஒன்றிணைக்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றுங்கள். பழைய வரிகளையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
கோப்பிலிருந்து வந்த வரிக்கு 17 என்றுதான் காட்டியது! மாற்றியதும் கிடைத்துவிட்டது, மிக்க நன்றி. முன்னால் % இருந்தால், தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸ் பயன்படாது என்கிறார்களே, அதை எடுத்துவிடலாமா?

மறுமொழி 1:
இன்டெக்ஸ் பயன்படாது என்பது உண்மையே. ஆனாலும், கடை வாடிக்கையாளர் சில நூறு பேர் என்றால் அந்த வேகக் குறைவு கண்ணுக்கே தெரியாது. அதை எடுத்துவிட்டால் 'வண்ணாரப்பேட்டை' என்று தட்டுபவருக்குப் பழைய வண்ணாரப்பேட்டையும் புது வண்ணாரப்பேட்டையும் வராது. 'ராயபுரம்' என்று தேடினால், இகரம் சேர்த்து 'இராயபுரம்' என்று பதிந்த வாடிக்கையாளரும் விடுபடுவார். ஆகவே அப்படியே இருக்கட்டும்.