பத்துப் பேர் ஆட்டத்துக்குச் சொல்: ‘பின்கட்டு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இழையை இன்று காலைதான் முழுதாகப் படித்தேன். கால்பந்தில் ரெட் கார்டு வாங்கி ஓர் ஆள் வெளியே போனபின் மிச்சப் பேர் ஆடும் முறைக்கு என்ன சொல் வைப்பது என்பது கேள்வி. காரைக்குடியில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறவன் நான், எனக்கு இது தினமும் வாயில் வர வேண்டிய சொல், அதனால் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

இழையில் வந்த ‘பதின்மர் ஆட்டம்’ காதுக்கு அழகாக இருக்கிறது, ஆனால் நிற்காது. இரண்டாவது ஆளும் வெளியேறினால்? விதிப்படி ஏழு பேர் இருக்கும்வரை ஆட்டம் நடக்கும். ஒன்பதுக்கும் எட்டுக்கும் ஏழுக்கும் தனித்தனிச் சொல்லா தேடுவது? ‘குறையணி’ வேண்டவே வேண்டாம், நம் பேச்சில் குறை என்றதும் குற்றம்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘ஆள்குறை’ என்று சேர்த்துச் சொன்னால் அந்த வாடை போய்விடுகிறது. “முப்பதாவது நிமிடத்திலிருந்து ஆள்குறை” என்றால் எவருக்கும் புரியும்.

சொல்லைக் கபடியிலிருந்து எடுக்கலாம் என்று தேவகோட்டை அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, கபடியில் வெளியே போனவர் தன் அணி புள்ளி எடுத்தால் திரும்ப உள்ளே வருவார். இங்கே போனவர் போனவர்தான், அவருக்குப் பதில் ஆளும் இறக்க முடியாது. கணக்கே வேறு.

ஆனால் ஆள்குறை என்பது நிலை, அந்த நிலையில் ஆடும் முறை ஒன்றே ஒன்று இல்லை. 2002 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 57-ஆம் நிமிடத்தில் பிரேசிலின் ரொனால்டினோ வெளியேற்றப்பட்டார். 2-1 என்று முன்னிலையில் இருந்த பிரேசில் பந்தைத் தங்கள் காலிலேயே சுற்றவிட்டு நேரத்தைக் கடத்தி ஜெயித்தது. இதற்கு நேர் எதிர், 2010 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனா மைதானத்தில் இன்டர் மிலான் ஆடியது. 28-ஆம் நிமிடத்தில் இன்டரின் தியாகோ மோட்டா போய்விட்டார். முதல் ஆட்டத்தில் 3-1 என்று ஜெயித்திருந்ததால் ஒரு கோல் போனாலும் தாங்கும். கோல் போட்டே பேர் வாங்கிய எட்டோ, பின்னால் வந்து ஓரத் தற்காப்பாளர் மாதிரி நின்றார். கடைசியில் 1-0 என்று தோற்றும் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 3-2 என்று இறுதிப் போட்டிக்குப் போனார்கள். நாம் சொல் தேடுவது இந்த இரண்டாவது முறைக்கு.

அதன் அமைப்பு எளிது. கோல்கீப்பருக்கு முன் நான்கு பேர், அவர்களுக்கு முன் நான்கு பேர், மேலே ஒருவர். போன ஆள் எந்த வரிசையைச் சேர்ந்தவராக இருந்தாலும் குறைவை முன்வரிசையில்தான் பற்று எழுத வேண்டும். எதிரணி ஓரத்தில் பந்தை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பெனால்டி பெட்டியின் வாசலை மட்டும் அடைப்பது. பந்து இடப்பக்கம் போனால் அந்த எட்டுப் பேரும் ஒன்றாக இடப்பக்கம் நகர்வது.

இதை நம் ஊரில் தினமும் பார்க்கிறோமே! கானாடுகாத்தான் பக்கம் எத்தனை செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பையும் முன்கூடமான பட்டாலையையும் பூட்டிவிட்டு இருக்கிற இரண்டு மூன்று பேர் பின்கட்டில் புழங்குகிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்கிக் காக்க ஆள் இல்லை, காக்க முடிந்த இடத்தைக் காக்கிறார்கள். ஆகவே என் பரிந்துரை ‘பின்கட்டு’. கட்டு என்றால் வீட்டின் பகுதி, இறுக்கம் என்ற பொருளும் கூடவே வருகிறது. வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் ‘கட்டு தளர்ந்துவிட்டது’ என்று சொல்லிக்கொள்ளலாம், மைதானத்தில் ‘கட்டு விடாதே’ என்று கத்தவும் முடியும். லோ பிளாக் (தங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே நெருங்கி நின்று தடுப்பது) என்று வர்ணனையாளர்கள் சொல்வதற்கும் இதுவே பொருந்தும்.

பின்கட்டு என்றால் சமையல்தான் நினைவு வரும் என்று யாராவது சொல்வீர்கள். வரட்டும், வீடு நடந்ததே அங்கிருந்துதானே.

ஐகாரக்குறுக்கத்தைக் காட்டி ‘அணிக்குறுக்கம்’ என்று பள்ளத்தூர் ஐயா சொன்னது அருமையான யோசனை. இரண்டு மாத்திரை ஐ, சொல்லின் நடுவில் ஒரு மாத்திரையாகச் சுருங்குவது போல அணியும் சுருங்குகிறது. ஆனால் எங்கே சுருங்குகிறது என்பதை அது சொல்லவில்லை. 2023 நவம்பரில் செல்சியோடு ஆடிய டாட்டன்ஹாம், ஒன்பது பேராகிவிட்ட பிறகும் தற்காப்பு வரிசையை நடுக்கோட்டுப் பக்கமே நிறுத்தியது. அதுவும் சுருக்கம்தான். பின்னால் திறந்து கிடந்த இடத்தில் செல்சி ஓடி ஓடி 4-1 என்று ஜெயித்தது. அதை ‘முன்கட்டு’ என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

அப்புறம், மேலே தனியாக நிற்கும் அந்த ஒருவருக்கும் சொல் வேண்டும். பின்னாலிருந்து முன்னால் அடித்துவிட்ட பந்தைக் காலில் நிறுத்தி மற்றவர்கள் மூச்சுவிட நேரம் வாங்கித் தருவது அவர்தான். 2012-இல் அதே பார்சிலோனா மைதானத்தில், டெர்ரி வெளியேறி ஆள்குறையாக நின்ற செல்சிக்கு, மாற்று ஆட்டக்காரராக வந்த டோரஸ் கடைசி நேரத்தில் அப்படி ஒரு பந்தை எடுத்துத் தனியாக ஓடி, கோல்கீப்பரையும் தாண்டிப் போட்டார். பையன்கள் ‘மேல நிக்கிறவன்’ என்கிறார்கள். ‘முகப்பாள்’ என்றால் சரியாக வருமா? சொல்லுங்கள்.