விர்ச்சுவல்பாக்ஸ் டிஸ்க்: டைனமிக்கா, ஃபிக்ஸடா?

பாம்பன்_தம்பி: அண்ணே, எறா கம்பெனில கணக்கு பாக்குறேன். பில் போடுற பழைய சாஃப்ட்வேர் 32 பிட் விண்டோஸ் 7ல மட்டும்தான் ஓடும், லேப்டாப்ல இருக்குறது உபுண்டு, எஸ்எஸ்டில 70 ஜிபிதான் காலி. அதனால விர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டுற சாஃப்ட்வேர்) விண்டோஸ் ஏத்தி, அதுக்கு டிஸ்க்கா 40 ஜிபிக்கு விடிஐ ஃபைல் போடலாம்னு பாக்குறேன், டைனமிக்கா போடவா, ஃபிக்ஸடா போடவா? ஜூன் 14ஓட மீன்பிடி தடைக்காலம் முடியுது, போட்டெல்லாம் கடல்ல இறங்குனா நிமிர நேரமிருக்காது.

மண்டபம்_லினக்ஸ்: டைனமிக்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு. 40னு போட்டாலும் உள்ள எழுத எழுதத்தான் ஃபைல் வளரும், மிச்ச இடம் உனக்கு.

கீழக்கரை_காக்கா: வளரும் தம்பி, தானா சுருங்குமா? உள்ள 10 ஜிபி அழிச்சாலும் வெளிய ஃபைல் அப்படியேதான் உக்காந்திருக்கும். எனக்கு ஹோஸ்ட் டிஸ்க் (லேப்டாப்போட நிஜ டிஸ்க்) நிரம்பி விஎம் (உள்ள ஓடுற கம்ப்யூட்டர்) பாதி வேலைல நின்னுருச்சு, அன்னைக்குன்னு கரண்டும் போச்சு, உள்ள இருந்த டேட்டாபேஸ் காலி. ஃபிக்ஸட்னா மொத்த இடத்தையும் முதல்லயே எடுத்துக்கும், இடம் இல்லைன்னா ஆரம்பத்துலயே சொல்லிரும். ஐஸ கரையிலயே ஏத்திட்டுப் போவியா, நடுக்கடல்ல போய் தேடுவியா?

மண்டபம்_லினக்ஸ்: சுருக்கலாம் காக்கா. உள்ள விண்டோஸ்ல எஸ்டெலீட்ங்குற டூல ஓட்டி காலி இடத்துல பூஜ்யம் எழுதிட்டு, விஎம்ம ஆஃப் பண்ணி விர்ச்சுவல்பாக்ஸோட விபாக்ஸ்மேனேஜ் கமாண்டுல காம்பாக்ட் குடுத்தா போதும். அப்புறம் ஒண்ணு, ஸ்னாப்ஷாட் (பின்னாடி திரும்பி வர அந்த நேரத்து நிலைய சேமிக்குறது) எடுத்துட்டா உங்க ஃபிக்ஸட் டிஸ்க்கும் அதே கதைதான், அதுக்கப்புறம் எழுதுறதெல்லாம் தனி ஃபைலா வளரும்.

கீழக்கரை_காக்கா: அது சரிதான், ஒத்துக்குறேன். ஆனா பில் போடுற பய எஸ்டெலீட் ஓட்டிக்கிட்டு இருப்பானா?

தொண்டி_மாப்ள: சண்டைய விடுங்கப்பா. தம்பி, பில் டேட்டா எவ்வளவு இருக்கும்?

பாம்பன்_தம்பி: 300 எம்பி கூட வராதுண்ணே.

தொண்டி_மாப்ள: அப்புறம் எதுக்கு 40? 32 பிட் விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் கேட்டதே 16 ஜிபிதான். 25 ஃபிக்ஸட் போடு, ஸ்னாப்ஷாட் பக்கம் போகாத. 2020 ஜனவரியோட விண்டோஸ் 7க்கு அப்டேட்டும் நின்னு போச்சு, அதனால விஎம்மோட நெட்வொர்க் அடாப்டர ஆஃப் பண்ணிரு. விடிஐய பென்டிரைவ்ல பேக்கப் எடுக்குறதா இருந்தா எக்ஸ்ஃபேட்டா ஃபார்மட் பண்ணு, ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது.

மண்டபம்_லினக்ஸ்: 25ன்னாலும் டைனமிக்கே போடலாம், நா சொல்றத சொல்லிட்டேன்.

பாம்பன்_தம்பி: ஃபிக்ஸட் குடுத்துட்டேன்ணே, பாதி ஓடிருச்சு. இங்க காத்து வேற பலமா அடிக்குது, முடியுறவரைக்கும் சார்ஜர்ல பேட்டரி ஏத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்.